கடல் தண்ணீரில் கழுவிய மீன்

ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தது என்று எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் கேட்கிறார்கள். யாருக்காவது முகம் வீங்கினால், கால் வீங்கினால், உடனே என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நான் ஏதோ பாதி வைத்தியன் போல. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சொல்லும்போது ஒரு விஷயத்தை மறைத்தும் வந்திருக்கிறேன். அதனால் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தேன், அதற்கப்புறம் கையில் கிடைத்த பேப்பரையெல்லாம் படித்தேன். இதை எழுத அது போதும். இதிலிருந்து நல்ல புத்தி ஏதாவது கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே கிடைக்கவில்லை.

கொடி மாறிய அடுத்த வருஷம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிவிட்டது. ஆனால் பழைய ஆட்கள் பலர் அங்கங்கே அப்படியே வேலையில் இருந்தார்கள். எனக்கு முப்பத்து நாலு வயது. பாகூர் கொம்யூன் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிரித்து வைத்த வட்டாரத்தில், கடலை ஒட்டிய குப்பம். நானும் என் மனைவியின் தம்பி கோவிந்தனும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள். என் மனைவி அஞ்சலை, மீனை உப்பிட்டுக் காயவைத்துக் கருவாடாக்கி வில்லியனூர் சந்தையில் விற்பவள். ஒரே மகள் செல்லி, அப்போது ஏழு வயது.

முதலில் தொண்டை வலி வந்தது, போனது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்தால் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"இன்னா மாமா, குளவி கொட்டுச்சா? இல்ல அக்கா கொட்டுச்சா?" என்று கோவிந்தன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மறுநாள் மறுபடியும். பிறகு கால். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து, ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் அப்படியே இருக்கும். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் கடலுக்குப் போனேன். வஞ்சிர மீன் வருகிற சமயம். அதை விட்டுவிட்டு எவன் வீட்டில் உட்காருவான்? பதினோராம் நாள் மரத்தைத் தள்ளும்போது மூச்சு முட்டி மணலில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை வந்து என் காலை அழுத்திப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பாகூரில் கம்பவுண்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கடலூர் ரோட்டில் பஸ் பிடித்துப் பட்டணத்துக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம், இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை பக்கத்தில் இருந்தவன் எதிரில் இருந்தவனிடம் தன் வயிற்றுவலியைச் சொன்னான், எதிரில் இருந்தவன் தன் மூலத்தைச் சொன்னான். நோய் இருக்கிறவனுக்கு அடுத்தவன் நோய் மேல் என்ன ஆசையோ தெரியவில்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அஞ்சலை என் சட்டை நுனியை விரலில் சுற்றி வைத்திருந்தாள்.

என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சாராய விளக்கின் மேல் பிடித்துக் காய்ச்சினார்கள். மேல்பக்கம் வெள்ளையாகத் திரண்டு, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நின்றது. டாக்டர் பிரெஞ்சுக்காரர். நீளமான ஆள், காதில் வெள்ளை முடி. பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி, நம்ம ஊர்க்காரர். டாக்டர் சொல்வதை அவர் தமிழில் சொன்னார்.

"உங்க சிறுநீரகம் ரெண்டும் கெட்டிருக்குதுன்னு சொல்றார். ரத்தத்தை வடிகட்டுறது அதுதான். நல்லதை உள்ள நிறுத்திட்டு கெட்டதை வெளியே அனுப்பணும். உங்களுக்கு நல்லது வெளியே போகுது. தண்ணியும் உப்பும் உள்ளயே நிக்குது. அதான் வீக்கம்."

எனக்குப் புரிந்தது. வலையில் கண் கிழிந்து மீன் வெளியே போகிறது, குப்பை தங்குகிறது. வலை என்றால் கரைக்குக் கொண்டுவந்து பின்னிவிடலாம். இதை என்ன செய்வது என்று கேட்டேன்.

படுத்திருக்க வேண்டும். பால், சோறு, சர்க்கரை, பழம். உப்பு கூடாது, ஒரு கல் கூடக் கூடாது. கருவாடு, ஊறுகாய் பக்கமே போகக் கூடாது. வீட்டுக்குப் போன பிறகும் கடலுக்குப் போகக் கூடாது, ஈரத்தில் நிற்கக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாது.

"எத்தினி நாளைக்கு?"

கன்னியாஸ்திரி டாக்டரைக் கேட்டார். அவர் ஒரு சின்ன வார்த்தை சொன்னார். அதைத் தமிழில் சொல்ல அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"உயிரோட இருக்கற வரைக்கும்."

"கேக்கலேன்னா?"

"ரெண்டு மூணு வருஷம்தான்னு சொல்றார். சொன்னபடி இருந்தா இருபது வருஷம் கூட இருக்கலாமாம்."

"கடலும் இல்லாம உப்பும் இல்லாம இருபது வருஷம் நான் இன்னா பண்றதுன்னு கேளுங்க."

அந்த அம்மா கேட்டார். நிஜமாகவே கேட்டார். டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்து, தோளைத் தூக்கி, ஏதோ சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

"அது தன்னோட வேலை இல்லைன்னு சொல்றார்."

அந்தக் கேள்விதான் இன்றுவரை எனக்கு. இருபது வருஷமா, மூன்று வருஷமா? எதை எடுப்பது? வேறு எவனும் பதில் சொல்லவில்லை. டாக்டராவது அது தன் வேலை இல்லை என்று நேராகச் சொன்னார்.

வார்டில் இருபது கட்டில். விடிந்ததும் எடை பார்ப்பார்கள். மூத்திரத்தை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் பிடித்து வைக்க வேண்டும், எவ்வளவு என்று கோடு பார்த்து எழுதிக்கொள்வார்கள். இரண்டு வேளை பென்சிலின் ஊசி. இடுப்பில் குத்த இடம் இல்லாமல் போனபோது நர்ஸ் பெண் இடத்தைத் தேடுவாள், நான் பல்லைக் கடிப்பேன். வாரத்தில் ஒரு நாள் நீர் பிரிவதற்கு ஓர் ஊசி. அன்றைக்குப் பூராவும் ஜாடியும் கையுமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

ஊசி, ஜாடி எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சோறுதான் முடியவில்லை. உப்பில்லாத சோறு வாய்க்குள் போய் வழி தெரியாமல் நிற்கும். நாக்கு அதைத் தள்ளும், தொண்டை அதை வாங்காது. முதல் நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கூட்டுகிற ஆள், "அடிச்சது நீ, கூட்டறது நானா?" என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்தான். கூட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் தணிகாசலம் என்று ஒருவர். மதகடிப்பட்டுப் பக்கம், நெல்லும் கரும்பும் வைத்திருக்கிற விவசாயி, ஐம்பது வயது இருக்கும். எனக்கு வந்த அதே நோய். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து படுத்துப் பரிசோதனை செய்துகொண்டு போவார். டாக்டருக்கு அவர் மேல் தனிப் பிரியம். எனக்கு அவரைக் காட்டி விரலை ஆட்டிவிட்டுப் போவார்.

"எத்தினி வருஷமா இப்பிடி?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஏழு."

"ஏழு வருஷமா உப்பு இல்லியா?"

"ஒரு கல்லு கூட இல்ல. பொண்ணு கல்யாணத்துல ஊரே பந்தியில துன்னுது, நான் உள்ள உக்காந்து பால் சோறு துன்னேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

"கரும்பு வெட்டறப்ப கழனிக்குப் போவியா?"

"வரப்பு வழுக்கும்பா. பசங்க பார்த்துக்கறானுங்க."

"அப்ப ஏழு வருஷமா இன்னாதான் பண்ண?"

"இருந்தேன்."

"இருந்து?"

"இருந்தேன்பா. அவ்ளோதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனும் ஒரு மனுஷன், இதுவும் ஒரு பிழைப்பு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் அவர் பால் குடிப்பதைப் பார்த்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, முகர்ந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடினார்.

"இன்னிக்கி லேசா புகை வாசம். நேத்தை விட நல்லா கீது, குடிச்சுப் பாரேன்," என்றார்.

குடித்தேன். பால்தான். புகையும் இல்லை ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் ஒரு காக்கை வந்தால், நேற்று வந்ததா வேறா என்று அரை மணி நேரம் பார்ப்பார். நான் எத்தனை வஞ்சிரம், எத்தனை சுறாப்புட்டு தின்றிருக்கிறேன். ஒரு நாளாவது இப்படிக் கண்ணை மூடித் தின்றேனா? பாதி நாள் தின்றது என்ன என்றே நினைவில்லை. வாழ்க்கையை அனுபவிக்கிறவன் நான், அனுபவிக்காதவன் அவர் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டு நாளில் அது கலங்கிவிட்டது. இன்னும் தெளியவில்லை.

இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியது. எடை குறைந்தது. கணுக்கால் எலும்பை மறுபடியும் கண்ணால் பார்த்தேன். டாக்டர் சந்தோஷமாக, "தினம் உள்ளங்கை அளவு புது மீன் சாப்பிடலாம், உப்பு மட்டும் கூடாது" என்றார். வீட்டு ஆட்கள் சமைத்துக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கல் கூட்டி அடுப்பு வைத்திருப்பார்கள். அஞ்சலையும் அங்கே ஒரு இடம் பிடித்தாள்.

இங்கேதான் நான் மறைத்தது வருகிறது.

எங்களில் மீனைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவ மாட்டோம். கழுவினால் சதை தொளதொளத்துவிடும், ருசி போய்விடும். கடல் தண்ணீரில்தான் கழுவுவது. அஞ்சலை விடியற்காலையில் மரம் கரைக்கு வந்ததும் நல்ல மீனாக எடுத்து, அங்கேயே அறுத்து, கீறி, கடல் தண்ணீரில் கழுவுவாள். பஸ்ஸில் வருவதற்குள் கெட்டுவிடக் கூடாது என்று அதே தண்ணீர் ஊற்றிய பானையில் போட்டுக் கொண்டுவருவாள். அடுப்பில் ஏறுவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். அறுத்த மீன் ஐந்தாறு மணி நேரம் கடல் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அவள் உப்பு போடவில்லை. புளியும் மிளகாயும்தான் போட்டாள்.

முதல் துண்டை வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ருசியை எப்படிச் சொல்வேன்? பதினேழு நாள் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காரம் தூக்கலாயிடுச்சாய்யா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த மீனை நல்ல தண்ணீரில் அலசிப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நானும் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். முள்ளைச் சப்பினேன். விரலைச் சப்பினேன். தணிகாசலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு நாள் தின்றேன். ஒன்பதாம் நாள் காலையில் கண் திறக்கவில்லை.

எடை ஏறியிருந்தது. டாக்டர் காலை அழுத்திப் பள்ளத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். அவள் பானையோடு ஓடிவந்தாள். டாக்டர் கத்தினார். கன்னியாஸ்திரி அவ்வளவையும் தமிழாக்கவில்லை. "உப்பு போட்டியாம்மா? உண்மையைச் சொல்லு. நீயே உன் புருஷனைச் சாகடிக்கிறன்னு சொல்றார்" என்றது மட்டும் போதுமாக இருந்தது.

"போடலம்மா. சத்தியமா போடல."

"போடாம வீங்காது."

"என் பொண்ணு தலை மேல சத்தியம். உப்புப் பானையை நான் தொடவே இல்ல."

வார்டில் எல்லாரும் பார்த்தார்கள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை. சொன்னால் அந்த மீன் போய்விடும் என்பது ஒன்று. எட்டு நாள் தெரிந்தே தின்றேன் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று. எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்யா" என்றாள். நான், "அவ போட மாட்டா" என்றேன். பொய் இல்லை. ஆனால் அது பொய்யை விட மோசம்.

வெளிச் சாப்பாடு நிறுத்தப்பட்டது. அஞ்சலை பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் வரவில்லை. பாலும் வெறும் சோறுமாக மறுபடியும் ஆரம்பித்தேன். பத்து நாளில் வீக்கம் சுத்தமாக இறங்கியது. அவள் நாலாம் நாளே வந்துவிட்டாள், நெற்றியில் பெரிதாகக் குங்குமம். பத்தாம் நாள் என் காலை அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை. அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம். டாக்டரை ஜெயித்துவிட்ட மாதிரி. ஏதோ கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தணிகாசலம் எனக்கு முன்பே போய்விட்டார். போகும்போது என் காதருகில் குனிந்து, "அந்த மீனு நல்லா இருந்துதா?" என்று மட்டும் கேட்டார். சாகிற வரை மறக்க மாட்டேன் அந்தக் கேள்வியை.

வீட்டில் அஞ்சலை ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். எனக்கென்று தனியாக ஆக்கவில்லை. ஒரே பானை, உப்பில்லாத பானை. நடுவில் ஒரு கொட்டாங்கச்சியில் உப்பு. வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டியது. "தனியா ஆக்கிப் போட்டா அதைப் பார்த்து ஏங்குவ" என்றாள். கோவிந்தன், "இன்னாக்கா இது, ஆஸ்பத்திரியையே வூட்டுக்குக் கொண்டாந்துட்ட" என்று முனகிக்கொண்டே உப்பைப் போட்டுக்கொள்வான். செல்லி தட்டைத் தள்ளிவிட்டு அழுவாள், பிறகு பழகிவிட்டாள். இதில் என்மேல் இருந்த அன்பை நான் பார்க்காமல் இல்லை. எரிச்சலும் வந்தது. எதிரில் எல்லாரும் கொட்டாங்கச்சியில் கை விட, நான் மட்டும் வெறும் சோற்றைப் பிசைவேன்.

ஒரு வருஷம் கரையில் உட்கார்ந்து வலை பின்னினேன். மரங்கள் வருவதைப் பார்ப்பேன், போவதைப் பார்ப்பேன். தணிகாசலம் மாதிரி காக்கையைப் பார்த்தால் என்ன என்று பார்த்தேன். எனக்கு அது வரவில்லை. காக்கை காக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் யாரையும் கேட்காமல் எழுந்து போய் மரத்தில் ஏறிவிட்டேன். கோவிந்தன் தடுத்தான், திட்டினேன், விட்டுவிட்டான். அஞ்சலை கரையில் நின்று பார்த்தாள். சாயந்திரம் வந்ததும் காலை அழுத்திப் பார்த்தாள்.  அதற்கப்புறம் வாரத்தில் நாலு நாள் போனேன். கடலில் கோவிந்தன் கட்டிக்கொண்டு வரும் சோற்றில் கருவாடும் இருக்கும். அதில் ஒரு துண்டு எடுப்பேன். இதை வீட்டில் சொன்னதில்லை.

வருஷங்கள் போயின. நான் சாகவில்லை. டாக்டர் சொன்ன மூன்று வருஷமும் தாண்டிவிட்டது. ஏன் என்று தெரியாது.

ஒரு நாள் அஞ்சலைக்குக் கருவாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு வில்லியனூர் சந்தைக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஆள் நின்று, காகிதத்தில் வாங்கிய உப்பு போட்டு அவித்த வேர்க்கடலையை உரித்து உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம்!

"யோவ், இன்னா துன்ற?"

"கடலை." வெட்கமே இல்லை. "டாக்டர் மாறிட்டாருப்பா. வெள்ளைக்காரர் கப்பல் ஏறிட்டாரு. இப்ப மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரு வந்துகீறாரு. கொஞ்சம் உப்பு போட்டுக்கலாம்ன்றாரு. அப்பப்ப நட, சும்மா படுத்துக் கெடக்காதன்றாரு. கழனிக்குக் கூட போறேன்."

"அப்ப அத்தினி வருஷம்?"

"எத்தினி வருஷம்?"

"உப்பில்லாம இருந்தியே, அது."

அவர் ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார். "இருந்துட்டேனே" என்றார். வருத்தப்பட்டாரா சந்தோஷப்பட்டாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நானும் அந்தப் புது டாக்டரிடம் போனேன். அதே குழாய், அதே விளக்கு. லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். "பரவாயில்லை, கொஞ்சம் உப்பு சேர்த்துக்குங்க, கருவாடு மட்டும் வேணாம்" என்றார். அப்போது முன்னால் இருந்தவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். "அவர் படிச்சது அப்படி" என்றார். நீங்கள் படித்தது எத்தனை நாளைக்கு என்ற கேள்வி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். அஞ்சலை கேட்டுக்கொண்டாள். ஆனால் பானை உப்பில்லாத பானையாகவே இருந்தது. பழக்கமாகிவிட்டது என்று நினைத்தேன். நானும் கொட்டாங்கச்சியில் இரண்டு விரல் அளவு எடுக்க ஆரம்பித்தேன். வேறு யார் எடுக்கிறார்கள், யார் எடுக்கவில்லை என்று பார்க்கவில்லை. என் தட்டைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும்.

போன தை மாதம் கோவிந்தனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் நான்தான் பெரியவன். சாம்பார் வாளியோடு பந்தியில் போய்க்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையில் அஞ்சலை. இலையில் வெறும் சோறு, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரை. இலை ஓரத்தில் வைத்த உப்பை விரலால் கீழே தள்ளியிருந்தாள். நான் கரண்டியைச் சாய்த்ததும் இரண்டு கையாலும் இலையை மூடினாள்.

"வேணாய்யா."

"சாம்பார் வேணாமா?"

"வேணாம், போ."

"உன் தம்பி கல்யாணம்டி. மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இன்னா கூத்து இது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மா, எங்கள் அடுத்த வீட்டுக்காரி, வாயில் சோற்றோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ், உனக்கு நெசமாவே தெரியாதா? அவ உப்பைத் தொட்டு ஆறு வருஷம் ஆவுது. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கினா. உன் ஆயுசு இருக்கற வரைக்கும் நாக்குல உப்பு வைக்க மாட்டேன்னு. ஒரே வூட்ல உக்காந்து துன்ற, இது கூடத் தெரியல. நல்ல ஆம்பளை!"

வரிசை பூராவும் சிரித்தது. அஞ்சலை, "சும்மா கெட குப்பம்மா" என்று சோற்றைப் பிசைந்தாள். எனக்குப் பின்னால் ரசம் கொண்டுவந்தவன் முதுகில் இடித்தான். "நவுரு மாமா, பந்தி நிக்குது."

ஆறு வருஷம். தினம் காலையில் அந்தக் கையால் கல்லுப்பை அள்ளி மீன் வயிற்றுக்குள் அடைக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் உப்புப் பட்டு வெடித்திருக்கும். அந்த விரலை வாயில் வைத்ததில்லை. டாக்டர் அவளைத் திட்டிய அன்றைக்கு நேராக வில்லியனூருக்குப் போயிருக்கிறாள். பெரிய கோயிலில் அம்மன் முன்னால் சொல்லியிருக்கிறாள். போதாது என்று மாதா கோயிலுக்கும் போய், ஒரு மெழுகுவத்தி ஏற்றி, அங்கேயும் அதையே சொல்லியிருக்கிறாள். பத்தாம் நாள் என் வீக்கம் இறங்கியது. அவளைப் பொறுத்தவரை சாமி கேட்டுவிட்டது. கடல் தண்ணீர் நின்றதால் இறங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மணலில் உட்கார்ந்து நெத்திலி கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மீனு ஆயுசு பூரா கடல்லதான் கெடக்குது. அதுக்குக் கரிக்குதா?" என்றாள் முதலில்.

"உசுரோட இருக்கற மீனுக்குக் கரிக்காது. அறுத்து ஊறவெச்சா ஏறும். உனக்குத் தெரியாதா? தினம் நீ செய்யற வேலைதானே."

கை நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. 

"உனக்கு அப்பவே தெரியும்."

"மொத துண்டுலயே."

"என்னைத் திட்டினப்போ கட்டில்ல படுத்துப் பார்த்துக்கினு இருந்த."

"ஆமா."

"செல்லி தலை மேல சத்தியம் பண்ணேன்."

"ஆமா."

கூடையில் கைவிட்டு ஒரு பிடி நெத்திலியை அள்ளி என் முகத்தில் எறிந்தாள். இன்னொரு பிடி எறிந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானம் ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பானையில் உப்பு போட்டுக் குழம்பு வைத்தாள். கை நிறையப் போட்டிருந்தாள். என் தட்டில் ஊற்றினாள்.

"துன்னு. நல்லா ருசியா துன்னு. இதுக்குத்தானே வாயை மூடிக்கினு இருந்த."

வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு கரிப்பு. முழுவதும் தின்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து தின்றாள்.

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நானே ஆரம்பித்தேன். சாமி ஒன்றும் செய்யவில்லை, மீன்தான் காரணம், அதனால் வேண்டுதல் செல்லாது, விட்டுவிடு என்றேன்.

"நான் சாமிகிட்ட பொய் சொல்லலியே. நீதானே சொன்ன. நீ ஏமாத்துனதுக்கு நான் போயி சாமியை ஏமாத்தணுமா?"

"ரெண்டு கோயில்லயும் நானே போயி சொல்றேன்."

"நீ இன்னா சொல்றது? நீ மரம் ஏறினப்போ என்னைக் கேட்டியா? கடல்ல கருவாடு துன்றப்போ கேட்டியா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீற."



இப்போது என் நிலைமை இதுதான். நான் அதிக நாள் இருந்தால் அவளுக்கு அத்தனை நாள் உப்பில்லை. நான் சீக்கிரம் போனால்தான் அவள் நாக்குக்கு ருசி. நான் இருப்பதற்காக அவள் அதை விட்டாள். நான் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவளிடமிருந்து எடுத்ததாகத் தெரிகிறது. செத்துப் போகலாமா என்றால் அதற்கும் மனம் வரவில்லை. உப்பு போட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை, போடாவிட்டால் ருசிக்கவில்லை. தணிகாசலத்திடம் கேட்டால் சும்மா இரு என்பார். இரண்டு டாக்டரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

நேற்று காலை கிளம்பும்போது அவள் வாசலில் உட்கார்ந்து பழைய சோற்றைக் கரைத்த நீச்சோறு குடித்துக்கொண்டிருந்தாள். உப்பில்லாத நீச்சோறு. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னும் எத்தினி நாளைக்குடி இப்பிடி?"

கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"நீ எத்தினி நாளைக்கு இருப்பேன்னு சொல்லு. நானும் சொல்றேன்."

கரையில் கோவிந்தன் கூப்பிட்டான். மரம் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான் போய் ஏறிக்கொண்டேன்.